வீட்டையே சூளையாக்கிச் சுட்ட ரே மீக்கர்: இயற்கைக்கு நல்லதா, கடலூரில் நடக்குமா?

கடலூரில் கட்டடக்கலை படிக்கும் தம்பி ஒருவரின் கேள்வி, சுருக்கமாக இது: "இயற்கை, சமூகம் இரண்டையும் சேர்த்து வேலை செய்த ஒரு கலைஞரை எடுத்து இறுதியாண்டுத் திட்டம் செய்யச் சொல்கிறார்கள். புதுச்சேரியில் ரே மீக்கர் என்பவர் மண்வீடு கட்டி, அதற்குள்ளேயே தீ மூட்டி, வீட்டையே செங்கல் மாதிரிச் சுட்டாராமே, உண்மையா? உண்மையென்றால் ஏன் எல்லோரும் அப்படிக் கட்டவில்லை? அதைக் கடலூரில் நான் செய்து பார்க்கலாமா?"

உண்மைதான். ஒன்றல்ல, பல கட்டடங்களைச் சுட்டார். 1985 வாக்கில் தொடங்கி ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இதே வேலையாக இருந்தார். உங்கள் திட்டத்துக்கு நல்ல ஆள். ஆனால் "மண் + கலைஞர் = இயற்கைக்கு நல்லது" என்று முடிவை முன்னாலேயே எழுதி வைத்துக்கொண்டு போகாதீர்கள். மீக்கரின் வேலையில் நான் பார்ப்பது இரண்டே விஷயம்: எவ்வளவு விறகு போனது, யார் கையில் வேலை தங்கியது. முதல் கணக்கில் அவர் ஜெயித்தார் என்று சொல்ல மாட்டேன். இரண்டாவதில் அவருக்கு இணையாகச் சொல்ல இந்தப் பக்கம் அதிகம் பேர் இல்லை.

ஆளைப் பற்றி முதலில் கொஞ்சம். அமெரிக்கர். தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கப் போய், செராமிக்ஸுக்கு, அதாவது மண்ணைச் சுட்டுச் செய்யும் கலைக்குத் திரும்பியவர். 1971-இல் டெபோரா ஸ்மித்தும் இவரும் சேர்ந்து புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் மட்பாண்டத் தொழில் பயின்றவர். அதுவரை நம்ம பக்கம் மண்பாண்டம் என்றால் 800, 900 டிகிரிக்குள் வெந்த சிவப்புச் சட்டி, பானை, ஓடு. இவர்கள் செய்தது ஸ்டோன்வேர்: 1,300 டிகிரியை ஒட்டிய சூட்டில் வேகும், தண்ணீர் குடிக்காது, மேலே கண்ணாடி மாதிரி கிளேஸ் பூச்சு இருக்கும். இன்று புதுச்சேரி, ஆரோவில் கடைகளில் நீலமும் பச்சையுமாக அடுக்கி வைத்திருக்கும் கோப்பை, தட்டுகளுக்கெல்லாம் ஊற்றுக்கண் அந்தப் பட்டறைதான்.

இப்போது வீட்டுக்கு வருவோம்.

மனையிலேயே மண் எடுத்து, மிதித்து, பச்சைக் கல் (சுடாத செங்கல்) அறுத்து, வெயிலில் காய வைத்து, மண் சாந்திலேயே சுவர் எழுப்புவது. கூரைக்கு கான்கிரீட் கிடையாது, மரமும் கிடையாது. வளைவு அல்லது குவிமாடம்தான். எகிப்தில் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி மறுபடி பிரபலமாக்கிய நூபிய வளைவு முறை இதற்குத் தோதானது. கடைசிச் சுவரில் முதல் வரிசையைச் சாய்த்து ஒட்டி, அதன்மேல் அடுத்த வரிசை சாய, அப்படியே நகர்ந்து வந்தால் கீழே சாரம் கட்டாமலே கூரை முடிந்துவிடும். ஈரான், கலிபோர்னியா இரண்டு இடத்திலும் வேலை செய்த நாதர் கலீலி மண் கட்டடங்களைச் சுட்டுப் பார்த்ததும் மீக்கருக்கு முன்னோடி. கட்டி முடித்துப் பல வாரம் காய விட்ட பிறகு, வீட்டுக்குள் பச்சைச் செங்கல், ஓடு, தரைக்கல், பானை எல்லாவற்றையும் சூளையில் அடுக்குகிற மாதிரி அடுக்க வேண்டும். கதவு ஜன்னல் திறப்புகளை அடைத்து, தீவாய், புகைவழி மட்டும் விட்டு, வெளிப்பக்கம் வைக்கோல் கலந்த சேற்றைப் போர்வையாகப் பூசி, தீ மூட்ட வேண்டும். சில நாள் எரிந்து, சில நாள் ஆறி, பிறகு பிரித்தால், உள்ளே இருந்த சரக்கும் வெந்திருக்கும், சுற்றியிருந்த வீடும் வெந்திருக்கும்.

இதன் சூட்சுமம் பொருளாதாரத்தில் இருக்கிறது. எந்தச் சூளையிலும் எரிபொருளில் பெரும்பங்கைச் சூளைச் சுவரே குடித்துவிடும். அனுபமா குண்டூ (இவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) சொல்லும் கணக்கு சுமார் 40 சதவீதம். சாதாரணச் சூளையில் அந்த வெப்பம் வீண். இங்கே அந்தச் சுவர்தான் வீடு. உள்ளே வெந்த சரக்கை விற்றால் விறகுக் காசு வந்துவிடும், வீடு வெந்தது இனாம். காகிதத்தில் பார்த்தால் எவரும் மயங்கும் கணக்கு இது. பொய்க் கணக்கும் அல்ல.

சுவருக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளாமல் இதைத் தொடாதீர்கள். முதலில் ஈரம் போகும்; 100 டிகிரி தாண்டும்போது அவசரப்பட்டால் நீராவி உள்ளிருந்து கல்லை உடைக்கும். 450-இலிருந்து 600 டிகிரிக்குள், களிமண் துகளோடு வேதியியலாகப் பிணைந்திருந்த தண்ணீர் வெளியேறும். இந்தக் கட்டம் தாண்டினால்தான் அது திரும்பக் கரையாத பொருள். இதே இடைவெளியில், 573 டிகிரியில், மணலில் இருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று பருக்கும். ஆறும்போது அதே புள்ளியில் சுருங்கும். ஒரு பானைக்கு இது பெரிய விஷயமில்லை. பதினைந்தடி நீள வளைவுக்கு விரிசல். 800, 900 தாண்டினால்தான் துகள்கள் ஒன்றையொன்று கவ்வி, இரும்புச் சத்து சிவந்து, தட்டினால் 'ணங்' என்று சொல்லும் கல்லாகும்.

சிக்கல் எங்கே என்றால், தீ உள்ளே இருக்கிறது, மழை வெளியே இருக்கிறது. உள்முகம் 900 டிகிரி கண்டிருக்கும்போது, ஓரடிக்கு மேல் கனமான சுவரின் வெளிமுகம் 500-ஐக்கூடத் தொட்டிருக்காது. அதாவது உள்ளே செங்கல், வெளியே பச்சை மண், நடுவில் இரண்டும் கெட்டான். நாம் மழைக்குப் பயந்துதானே சுட்டோம்! அதற்குத்தான் அந்த வைக்கோல்-சேற்றுப் போர்வையும், மெதுவான தீயும், அதிகப்படியான விறகும். அடிச்சுவர் இன்னும் மோசம். சூடு மேலே ஏறும், தரையோரம் எப்போதும் வேகாத கல்லாகத் தங்கும். கடலூர் மாதிரி நிலத்தடி நீர் மேலே இருக்கும் ஊரில் வீடு கரைய ஆரம்பிப்பதும் அதே தரையோரத்தில்தான். எனவே அடித்தளத்தையும் முதல் இரண்டு மூன்றடியையும் ஏற்கெனவே வெந்த கல்லில் கட்டிவிடுவதே புத்திசாலித்தனம்.

விறகுக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நாட்டுச் சூளையில் ஒரு கிலோ செங்கல் வேக 2 முதல் 4 மெகாஜூல் வரை வெப்பம் பிடிக்கும். நடுவில் 3 என்று வையுங்கள். மூன்று கிலோ கல்லுக்கு 9 மெகாஜூல். காய்ந்த சவுக்கு விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 16 மெகாஜூல் தரும். ஆக ஒரு கல்லுக்கு அரைக்கிலோவுக்குச் சற்று மேல் விறகு. சுவர், வளைவு, உள்ளே அடுக்கியது எல்லாம் சேர்த்து 15,000 கல் என்றால் எட்டு டன்னுக்கு மேல் போகும். கிட்டத்தட்ட ஒரு லாரி லோடு, ஒரு சின்னக் கட்டடத்துக்கு.

இது அதிகமா, குறைவா? பக்கத்தில் எதை வைத்துப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மரக்காணத்திலிருந்து கடலூர் வரைக்கும் கடற்கரை மணலில் சவுக்கு ஒரு பயிர். நான்கைந்து வருஷத்தில் வெட்டி மறுபடி நடுவார்கள், அதை எரிப்பதைக் காட்டை அழிப்பது என்று சொல்ல முடியாது. சிமெண்ட்டும் கம்பியும் மிச்சம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் புதுச்சேரிக்குப் பக்கத்துச் செம்மண் மேட்டில், 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது, விறகுக்கும் மேய்ச்சலுக்கும் மரத்தை இழந்து ஓடை ஓடையாக அரிக்கப்பட்டுக் கிடந்த பொட்டல்தான் இருந்தது. அதில் வரப்பு கட்டி, தண்ணீரை நிறுத்தி, மரம் வைத்து, உலர் பசுமைமாறாக் காட்டை மீட்டுக்கொண்டு வரத் தலைமுறைக் காலம் ஆனது. அந்த ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "வீட்டுக்கு ஒரு லாரி விறகு" என்பதை எல்லோருக்குமான தீர்வாகச் சொல்ல முடியாது.

அதனால்தான் அங்கேயே எதிர்த் திசையிலும் ஒரு விடை வந்தது. சத்பிரேம் மைனி 1989-இல் தொடங்கிய ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் சுடுவதையே விட்டுவிட்டது. மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, கை அழுத்த இயந்திரத்தில் கல்லாக்கி, நிழலில் ஈரம் காட்டி ஆற வைப்பது. ஆரோவில் பார்வையாளர் மையத்தைப் பாருங்கள், எல்லாம் அந்தக் கல்தான். எரிபொருள் கணக்கு மட்டும் போட்டால் மைனியின் வழிக்கே மதிப்பெண். உங்கள் அறிக்கையில் மீக்கரைத் தனியாக எழுதாமல் இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்து எழுதினால் விஷயம் உயிர் பெறும். பத்து கிலோமீட்டர் வட்டத்துக்குள், ஒரே மண்ணை வைத்துக்கொண்டு, ஒருவர் தீயை நம்பினார், இன்னொருவர் கொஞ்சம் சிமெண்ட்டை நம்பினார்.

சுட்ட வீடு ஏன் பரவவில்லை என்ற கேள்விக்கு விறகு பாதி பதில். மீதிப் பாதி சந்தை. உள்ளே சுட்ட பத்தாயிரம் கல்லை வாங்க ஆள் வேண்டும். வீட்டுக்காரர் செங்கல் வியாபாரியாக வேண்டும். கல்லின் தரம் அடுக்கு அடுக்காக மாறும்: தீவாய் ஓரம் உருகிக் கட்டி பிடித்தது, நடுவில் நல்லது, மூலையில் வேகாதது. அப்புறம் வளைவுக் கூரை. நம்ம மக்களுக்கு மொட்டை மாடி வேண்டும். வடகம் காய வைக்க, துணி உலர்த்த, நாளைக்கு மேலே ஒரு மாடி எடுக்க. வட்டக் கூரையில் என்ன செய்வது? வங்கிக் கடன், பொறியாளர் கையெழுத்து, இவையெல்லாம் கம்பி கட்டிய தளத்துக்குத்தான் சுலபமாக வரும். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் அந்த முறை செத்துப்போகவில்லை. அனுபமா குண்டூ 1990-இலிருந்து ஆரோவில்லில் வேலை செய்த கட்டடக் கலைஞர். மீக்கரின் சுட்ட வீடுகளையே ஆராய்ந்து பெர்லினில் முனைவர் பட்டம் வாங்கினார். 2008-இல் புதுச்சேரி வொலொந்தாரியா அமைப்புக்காக வீடற்ற குழந்தைகளுக்கு அவர் கட்டிய சிறு குடில்கள் இதே முறையில் சுட்டவை. அந்தக் கட்டடங்களில் கண்ணில் படுவது வேறொன்றும் உண்டு. பழைய சைக்கிள் வீல்களை முதலில் வளைவுக்கு அச்சாக வைத்திருக்கிறார்கள், வேலை முடிந்ததும் அதே வீல் ஜன்னல் கம்பியாகிவிட்டது. கழிப்பறைப் பக்கம் கண்ணாடி பாட்டில்களே கட்டுமானக் கல். கடன் வாங்காமல், கையில் இருப்பதை வைத்து யோசிக்கும் பழக்கம் இது.

குண்டூவின் இன்னொரு கட்டடம் உங்கள் 'சமூகம்' பகுதிக்கு இதைவிட நன்றாக உதவும். ஆரோவில்லில் 2000-இல் முடிந்த வால் ஹவுஸ் என்ற வீடு. அதன் வளைவுக் கூரைக்கு உள்ளூர்க் குயவர்கள் சக்கரத்தில் செய்து கொடுத்த உள்ளீடற்ற சுடுமண் குழல்கள் போயிருக்கின்றன. பிளாஸ்டிக் குடமும் எவர்சில்வரும் வந்த பிறகு பானைக்குத் தேவை விழுந்துபோன தொழிலுக்கு, கட்டட வேலையிலிருந்து ஆர்டர் வருகிறது என்றால் அதன் அர்த்தம் குயவர் வீட்டில்தான் தெரியும். 2012 வெனிஸ் கட்டடக்கலைத் திருவிழாவில் அந்த வீட்டை முழு அளவில் மறுபடி கட்டிக் காட்டியபோது, நம்ம ஊர்க் கொத்தனார்கள் போய் வெளிநாட்டு மாணவர்களோடு நின்று கல் வைத்தார்கள்.

மீக்கரின் பெரிய வேலை வீடு அல்ல, ஆட்கள் என்று நான் சொல்வதும் இதே காரணத்தால்தான். கோல்டன் பிரிட்ஜில் கூலிக்கு வந்த உள்ளூர்க்காரர்கள் மண் பிசையவும், சக்கரத்தில் இழுக்கவும், கிளேஸ் கலக்கவும், உலை ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். பிறகு தனியாகப் பட்டறை போட்டார்கள். அவர்களிடம் கற்றவர்கள் அடுத்த பட்டறை போட்டார்கள். 1983-இலிருந்து மீக்கர் மாணவர்களையும் சேர்த்துப் பல மாதம் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். இந்தியாவின் ஸ்டுடியோ செராமிக்ஸ் கலைஞர்களில் கணிசமானவர்கள் அந்தக் கூரைக்கடியில் உட்கார்ந்து எழுந்தவர்கள். பிற்காலத்தில் அவர் ஆளுயரத்துக்கு மேல் எழுப்பிய சிற்பங்கள், சுற்றுச்சூழல் சீரழிவையே பேசுபவை, கலைக்கூடங்களில் பெயர் வாங்கின. எனக்கு அவற்றைவிட அந்தப் பட்டறைகளின் வரிசைதான் பெரிதாகப் படுகிறது.

இங்கே ஒரு சின்ன ஆதங்கம். "பல்துறைக் கலைஞர்" என்ற பட்டம் வெளியிலிருந்து வந்தவருக்கும் கல்லூரியில் படித்தவருக்கும் சுலபமாகக் கிடைக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்து வில்லியனூரில் ஒரு குயவர் குடும்பம் சட்டி பானை செய்யும், ஓடு சுடும், கிணற்றுக்கு உறை வார்க்கும், பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளையார் பிடிக்கும், அய்யனாருக்குக் குதிரை செய்யும். பாத்திரம், கட்டடம், நீர், சிற்பம், சடங்கு: ஐந்து துறை. பெரிய குதிரையைச் சூளைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்றால் அது நின்ற இடத்திலேயே வைக்கோல், வறட்டி அடுக்கி, மண் பூசிச் சுடுவது நம்ம மரபு. பொருளை நகர்த்தாமல் தீயை அதனிடம் கொண்டுபோகும் யோசனை இங்கே புதிதல்ல. அரியாங்குப்பம் ஆற்றோரம் அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியப் பானை ஓடுகளோடு உறைகிணறும் கிடைத்த ஊர் இது. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்த ஊர்க் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. உங்கள் அறிக்கையில் வில்லியனூர் ஒரு அடிக்குறிப்பாக ஒதுங்கிவிடக் கூடாது. புதுச்சேரியிலிருந்து பத்து கிலோமீட்டர்தான், ஒரு நாள் முழுக்கப் போய் உட்காருங்கள்.

இனி கடலூர். செய்யலாம், ஆனால் வீடாக அல்ல. ஆறடி அகலம், எட்டடி நீளம், உட்கார ஒரு வளைவு. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

மண் முதலில். கேப்பர் மலைப் பக்கம் கிடைக்கும் செம்மண்ணில் மணல் அதிகம், களி குறைவு. காயும்போது அதிகம் சுருங்காது, ஆனால் சுட்டாலும் உதிரும். கெடிலம், பெண்ணையாற்றுப் படுகை வண்டல் நேர்மாறு. நன்றாக வேகும், காயும்போது வெடிக்கும். இரண்டையும் கலந்துதான் பதம் பிடிக்க வேண்டும். ஒரு கண்ணாடி பாட்டிலில் கால்வாசி மண் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று கோடு பிரியும். பிறகு வெவ்வேறு விகிதத்தில் கல் அறுத்து, ஒவ்வொன்றிலும் ஈரமாக இருக்கும்போதே பத்து சென்டிமீட்டர் கோடு கீறி, காய்ந்த பிறகு அளந்து பாருங்கள். ஒன்பதரைக்குக் கீழே போனால் அந்தக் கலவை வளைவுக்கு ஆகாது. தேறிய கலவையில் நாலைந்து கல்லைப் பக்கத்துச் செங்கல் சூளைக்காரரிடம் கொடுத்து அவர் சூளையிலேயே சுட்டு வாங்குங்கள். 24 மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு எடை பாருங்கள். எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடித்தால் இந்தியத் தர நிர்ணயப்படி சாதாரணச் செங்கலாகக்கூடத் தேறாது.

சூளைக்காரரை இந்தக் கட்டத்திலேயே கூட்டாளியாக்கிக்கொள்ளுங்கள். தீயின் நிறம், புகையின் நிறம் பார்த்து "இன்னும் ரெண்டு மணி நேரம் போகணும்" என்று சொல்ல அவரால்தான் முடியும். சூளைச் சூட்டை அளக்கும் பைரோமீட்டர் வாங்கி வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவரின் உள்முகம், நடு, வெளிமுகம் மூன்றிலும் தெர்மோகப்பிள் (வெப்பம் காட்டும் கம்பி) செருகி எண்ணை எழுதினால் உங்கள் அறிக்கைக்கு அதுவே முதுகெலும்பு. மாவட்டத்துக்குள்ளேயே விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் செராமிக் படிப்புக்கென்றே ஒரு பயிலகமும் இருக்கின்றன. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு கிடைக்கும் வெள்ளைக் களிமண்தான் அந்தத் தொழிலுக்குப் பலம். மண் சோதனை, உலை பற்றிய சந்தேகங்களுக்குச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

காலம் மிக முக்கியம். பொங்கல் முடிந்ததும் கல் அறுத்து, மாசியில் கட்டி, பங்குனி முழுக்கக் காய விட்டு, சித்திரையில் சுடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பேச்சே வேண்டாம். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று இந்தக் கரையில்தான் ஏறியது, 2015 வெள்ளத்தையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாதி காய்ந்த பச்சை மண் வளைவுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம், ஒரு ராத்திரி மழையே போதும்.

உள்ளே எதை அடுக்கப் போகிறீர்கள் என்பதைக் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். வெறும் செங்கல் அடுக்கினால் விற்க முடியாமல் திண்டாடுவீர்கள். வில்லியனூரிலோ பண்ருட்டியிலோ பொம்மை செய்பவர்களிடம் பேசி அவர்கள் சரக்கை உங்கள் சூட்டில் சுட்டுத் தருவதாக ஒப்புக்கொள்ளுங்கள். நவராத்திரிக்கு இன்னும் மாதங்கள் இருக்கும், அவர்களுக்கும் சூளைச் செலவு மிச்சம். உடைந்தால் யார் பொறுப்பு என்பதை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள். மண் எடுக்கக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்காமல் ஏரியில் கைவைக்காதீர்கள். சொந்த மனை மண் என்றாலும் வண்டியில் ஏற்றினால் நிறுத்திக் கேட்பார்கள். தீ மூட்டும் இடத்துக்கு நூறடிக்குள் கூரை வீடு, வைக்கோல் போர் எதுவும் இருக்கக் கூடாது. சுட்டு முடித்ததும் ஆசைப்பட்டு அடைப்பைப் பிரிக்காதீர்கள். கை வைத்தால் சுவரில் வெதுவெதுப்பும் தெரியாத அளவுக்கு ஆறும் வரை, அது நான்கு நாளானாலும், மூடியே கிடக்கட்டும்.